கோழிக்குஞ்சுக்கு எந்தப் பூச்சி? கரப்பானா, கறையானா, சிப்பாய் ஈயா?



படுவான்கரைக் கிராமம் ஒன்றில் மாதர் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பேச்சு கோழி வளர்ப்பைப் பற்றித் திரும்பியது. ஒரு தாய் எழும்பிச் சொன்னார்: "பாதர், அடை வைச்சா பன்னிரண்டு முட்டையில பத்தாவது பொரிக்குது. பொரிச்சு என்ன? ரெண்டு மாசத்துக்குள்ள ரெண்டு குஞ்சுதான் மிஞ்சுது."

பின்வரிசையில் நின்ற ஓர் இளைஞர் உடனே ஒரு யோசனை சொன்னார். அவருடைய மச்சான் சுவிசில் இருக்கிறார். வீட்டில் ஓணான் போன்ற ஒரு பிராணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கிறார். அதற்குத் தின்னக் கொடுப்பதற்கென்றே இன்னொரு பெட்டியில் கரப்பான் பூச்சி வளர்க்கிறார். "அங்க கடையிலயும் அதைக் காசுக்கு விக்கிறாங்களாம். நாமளும் கோழிக்குக் கரப்பான் வளர்த்தா என்ன பாதர்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வலையிறவுப் பாலத்தால் திரும்பி வரும்போது, அந்தத் தாயின் முறைப்பாட்டுக்கு அந்த இளைஞர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மற்றப் பாதியை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

குஞ்சு ஏன் சாகிறது?

1990இலும், பின்னர் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் வாவிக்கரைக் கிராமங்களை விட்டு ஓடியவர்கள் மாட்டையும் கோழியையும் விட்டுத்தான் ஓடினார்கள். திரும்பி வந்தபோது வளவு காடாக இருந்தது. கோழிக்கூடு இருந்த இடத்தில் புற்று இருந்தது. அவ்வாறு வந்தவர்களும், இன்னும் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் உறவினர் வளவில் ஒதுங்கியிருப்பவர்களும் முதலில் வாங்கக்கூடிய உயிர்ச் சொத்து ஒரு சேவலும் நாலு பேடுமே. மாடு வாங்கக் காசு வேண்டும், மேய்ச்சல் தரை வேண்டும். கோழிக்கு அவை தேவையில்லை. ஆகவே குஞ்சு சாவது எமக்குச் சிறிய விடயம் அல்ல. பிள்ளையின் கொப்பிக்கும் மருந்துக்கும் வைத்த காசு சாகிறது.

குஞ்சைக் காகமும் பருந்தும் தூக்குகின்றன, கீரி பிடிக்கிறது, ராணிக்கெட் நோய் கூட்டத்தோடு கொண்டு போகிறது. இவை எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள். தெரியாத காரணம் ஒன்று உண்டு. அது அரைப் பட்டினி. வயிறு நிறைந்திருக்கும், ஆனால் உடம்பு வளராது. பொரித்த நாளிலிருந்து ஆறு கிழமை வரை குஞ்சின் தீனியில் ஏறத்தாழ 20 வீதம் புரதம் இருக்க வேண்டும். இறகு, தசை, எலும்பு எல்லாம் அந்த ஆறு கிழமைக்குள்தான் அத்திவாரம் இடப்படுகின்றன. நாம் கொடுப்பது குறுணல். குறுணலில் உள்ள புரதம் 8 வீதத்தை ஒட்டியது. தவிட்டில் 12, 13 வீதம் இருக்கும். அந்தப் புரதத்திலும் லைசின், மெதியோனின் என்று குஞ்சுக்கு மிகவும் வேண்டிய கூறுகள் குறைவு. எனவே குஞ்சு நோஞ்சானாக நிற்கிறது. இறகு முளைக்கப் பிந்துகிறது. மழைக்குளிரைத் தாங்காது. பருந்து வரும்போது ஓடவும் மாட்டாது. பருந்து பிடித்தது என்று நாம் சொல்கிறோம். அந்தக் குஞ்சை ஓட முடியாமற் செய்தது பட்டினி.

கடைத்தீனி வாங்கலாம்தான். ஆனால் 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டதையும், அடுத்த ஆண்டு டொலர் நெருக்கடியில் சோளனும் தீனி மூலப்பொருட்களும் கிடையாமற் போனதையும், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டி வந்ததையும் நாம் மறக்கவில்லை. கடைத்தீனியை மட்டும் நம்பிய கோழிக்கூடுகள் எத்தனையோ அந்தக் காலத்தில் வெறுமையாயின.

காட்டுக்கோழி தன் குஞ்சுக்குத் தவிடு கொடுப்பதில்லை. அது சருகைக் கிளறிப் புழு, பூச்சி, கறையான் காட்டுகிறது. வீட்டுக்கோழியும் அப்படித்தான். ஆனால் சின்ன வளவுக்குள், நாளும் பொழுதும் கூட்டிப் பெருக்கிய வெண்மணலில், தாய்க்கோழி எதைக் கிளறும்? காடு கொடுத்ததை நாம் கொடுக்க வேண்டும். கேள்வி எந்தப் பூச்சி என்பதே.

கரப்பான் வேண்டாம், கரப்பான்காரரின் புத்தி வேண்டும்

சுவிஸ் மச்சான் வளர்ப்பது எங்கள் குசினிக் கரப்பான் அல்ல. அது தென்னமெரிக்கப் பக்கத்துக் காட்டுக் கரப்பான். டூபியா என்று அழைக்கிறார்கள். வழுவழுப்பான பெட்டிச் சுவரில் அது ஏறாது. முட்டைக் கூட்டை வெளியே இடாமல் வயிற்றில் வைத்துப் பொரித்து, ஒரு தடவைக்கு 20, 30 குஞ்சுகளாக ஈனும். சூடான இருட்டுப் பெட்டியில், முட்டை அடுக்கும் மட்டைத் தட்டுகளை நிறுத்தி வைத்து, மரக்கறித் துண்டும் தானியத் தூளும் போட்டு வளர்க்கிறார்கள். பல்லி, ஓணான் இனங்களை வளர்ப்போருக்கு அது வசதியான தீனி.

எங்களுக்கு ஏன் சரிவராது? முதலாவது காரணம் காலம். அந்தக் கரப்பான் பிறந்து இனம் பெருக்கும் பருவத்துக்கு வர நான்கு முதல் ஆறு மாதம் செல்லும். எங்கள் குஞ்சுக்கு உதவி தேவைப்படுவது ஆறு கிழமைதான். பல்லி ஒன்றுக்கு வாரத்தில் சில பூச்சிகள் போதும். பத்துக் குஞ்சுகள் ஒரே காலையில் ஒரு பெட்டியைக் காலி செய்துவிடும். அதைவிட, பிறநாட்டுப் பூச்சியை அனுமதியின்றிக் கொண்டு வருவது தவறு. அப்படி வந்து எங்கள் பயிரை அழித்தவற்றின் பட்டியல் நீளமானது.

அப்படியானால் வீட்டுக் கரப்பானையே வளர்க்கலாமா? கூடாது. அது மலகூடத்திலும் குசினியிலும் மாறி மாறித் திரிகிறது. வயிற்றோட்டக் கிருமிகளைக் காலில் காவுகிறது. அதன் எச்சமும் தோலும் சில பிள்ளைகளுக்கு இழுப்பை உண்டாக்கும். சீனாவில் பெரிய அளவில் இதைச் செய்திருக்கிறார்கள். ஷாண்டொங் மாகாணத்து ஜினான் நகரில், நூறு கோடி கரப்பான்களுக்கு நாளொன்றுக்கு 50 தொன் சமையற் கழிவைத் தின்னக் கொடுக்கும் ஆலை பற்றி 2018இல் செய்திகள் வந்தன. அவற்றைப் பின்னர் கால்நடைத் தீனியாக்குகிறார்கள். அதே நாட்டில், ஜியாங்சு மாகாணத்தில், 2013 ஓகஸ்டில் ஒரு வளர்ப்புக்கூடம் உடைக்கப்பட்டதால் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கரப்பான்கள் அயல் வயல்களுக்குத் தப்பியோடின. ஆலைக்கே அந்தக் கதியென்றால், கிடுகு வீட்டில் நாம் பூட்டி வைக்க முடியுமா?

இன்னொரு கரப்பானைப் பற்றியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கோழிக்கூட்டின் அடியில், ஈரச் சருகையும் பழைய எருவையும் கிளறினால், மண்ணுக்குள் புகுந்து ஓடும் கரும்பழுப்பு நிறக் குட்டிக் கரப்பானைக் காண்பீர்கள். சூரினாம் கரப்பான் என்பது அதன் பெயர். கோழி அதை விரும்பித் தின்னும். ஆனால் கோழியின் கண்புழு அதன் வழியாகத்தான் பரவுகிறது. நோயுள்ள கோழியின் எச்சத்தில் புழுவின் முட்டை போகிறது. கரப்பான் அதைத் தின்கிறது. கரப்பானின் உடம்பில் புழுக்குஞ்சு வளர்கிறது. அந்தக் கரப்பானை இன்னொரு கோழி விழுங்கியதும், புழுக்குஞ்சு இரைப்பையில் இருந்து தொண்டை வழியாக மேலேறி, கண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து, சில நிமிடங்களிலேயே கண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கண் வீங்கி நீர் வடியும். கோழி காலால் கண்ணைச் சொறிந்து புண்ணாக்கும். கவனியாமல் விட்டால் குருடாகும். பலர் இதைச் 'சளி' என்று நினைத்து மஞ்சள் பூசுகிறார்கள். கண்ணின் ஓரத்து இமையை மெல்ல விலக்கிப் பார்த்தால் மெல்லிய வெள்ளை நூல்போலப் புழு நெளிவது தெரியும். அப்படியானால் கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள். கூட்டின் அடியைக் காயவிட்டு, பழைய எருவை அள்ளித் தோட்டத்தில் புதையுங்கள்.

ஆகவே கரப்பானை விட்டுவிடுவோம். ஆனால் கரப்பான் வளர்ப்போரிடம் ஒரு நல்ல புத்தி இருக்கிறது. அவர்கள் பெட்டியில் உள்ளதை முழுவதும் எடுத்துத் தின்னக் கொடுப்பதில்லை. இனத்துக்கென்று ஒரு பங்கை எப்போதும் விட்டு வைக்கிறார்கள். சூடு, ஈரம், இருட்டு ஆகிய மூன்றையும் அன்றாடம் பார்க்கிறார்கள். விதை நெல்லைத் தின்னாத விவசாயிக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஒரே இரவில் கறையான்

கறையான் பானை முறை எங்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது உண்டு. மேற்கு ஆபிரிக்காவில் டோகோ, புர்கினா பாசோ போன்ற நாடுகளின் ஏழை விவசாயிகளும் இதே வேலையை இதே மாதிரிப் பானையில் செய்கிறார்கள். ஒருவரை ஒருவர் கண்டிராத மக்கள் ஒரே முறையைக் கண்டுபிடித்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

வாய் அகன்ற பழைய மண்சட்டி அல்லது பானை ஒன்று எடுங்கள். விளிம்பு உடைந்ததும் போதும். கிழிந்த சாக்குத் துண்டு, காய்ந்த மாட்டுச் சாணி, வைக்கோல், தென்னம் பொச்சுத் தும்பு ஆகியவற்றை அதற்குள் தளர்வாக அடையுங்கள். இறுக்கி அடைத்தால் கறையான் ஏறாது. தண்ணீர் தெளித்து நனையுங்கள், ஒழுகுமளவுக்கு வேண்டாம். மாலையில், கறையான் நடமாடும் இடத்தில் மண்ணைச் சற்றுச் சுரண்டி அதன் வழியைத் திறந்து, அதன்மேல் பானையைக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பைச் சுற்றி ஈரமண் அணையுங்கள். நாய் புரட்டாதபடி மேலே ஒரு கல் வையுங்கள். அடுத்த நாள் வெயில் ஏற முன்னர் பானையைத் தூக்கினால் சாக்கும் சாணியும் வெள்ளையாய் நெளியும். குஞ்சுகளுக்கு முன்னால் தட்டி விடுங்கள். தாமதித்தால் கறையான் மீண்டும் மண்ணுக்குள் இறங்கிவிடும். வெயிலில் வைத்தால் செத்துவிடும்.

நல்ல இடமாகக் கிடைத்தால் ஒரு பானை ஓர் அடைக்குஞ்சுகளுக்கு ஒருநாள் போதும். ஒரே வழியில் தினமும் வைக்காமல், மூன்று நாலு இடங்களை மாறி மாறி வையுங்கள். புற்றை உடைக்க வேண்டாம். உடைத்தால் அன்றைக்கு ஒரு வாளி கிடைக்கும். பிறகு ஒன்றும் கிடைக்காது. புற்றுக்குள் நாகம் இருக்கலாம். நாகதம்பிரானுக்கு விளக்கு வைக்கும் புற்றென்றால் அயலவர் மனமும் நோகும்.

நெடுங்காலம் விட்டுக் கிடந்த காணிக்கு இப்போது திரும்பியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நடந்து பழகாத பற்றைக்குள் பானை வைக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். இரும்புத் துண்டோ, துருப்பிடித்த பொருளோ, முன்னர் காணாத பிளாஸ்ரிக் மூடியோ மண்ணில் தெரிந்தால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி வந்து கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். குஞ்சின் தீனிக்காக ஒரு பிள்ளையின் காலை இழக்க முடியாது.

வீட்டுக்குக் கிட்டவும் பானை வைக்க வேண்டாம். கிடுகும் கம்பும் கொண்ட வீட்டைக் கறையான் தின்னுவதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். பூச்சிமருந்து ஊற்றிய புற்றிலிருந்தும் எடுக்கக் கூடாது.

மாரி தொடங்கும் நாட்களில் ஈசல் பறக்கும். அந்த ஒன்றிரண்டு இரவுகளும் குஞ்சுக்குத் திருவிழா. முற்றத்தில் விளக்கேற்றி, கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் விழுந்து நிறையும். மிஞ்சியதை வறுத்துக் காயவைத்துப் பேணியில் மூடலாம். ஆனால் மழை அடைத்துப் பெய்து, வாவி நிரம்பி, தாழ்நிலம் வெள்ளத்தில் நிற்கும்போது கறையான் பானை வேலைக்கு ஆகாது. அக்காலத்துக்கு வேறு வழி வேண்டும்.

சிப்பாய் ஈ

கறுப்புச் சிப்பாய் ஈ என்று ஓர் ஈ இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி இன்று வெப்ப நாடுகள் முழுவதும் பரவியுள்ளது. எங்கள் வளவுகளிலும் குப்பைக் குழிக்குப் பக்கத்தில் திரிகிறது. பார்வைக்குக் குளவிபோல் நீண்டு கறுத்திருக்கும். காலின் நுனி வெள்ளை. ஆனால் கொட்டாது, கடிக்காது. வளர்ந்த ஈ சாப்பாட்டில் வந்து குந்துவதில்லை. புழுவாக இருக்கும்போது சேர்த்த கொழுப்பில் சில நாட்கள் வாழ்ந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். ஆகவே வீட்டு ஈயைப் போல நோய் காவித் திரிவதில்லை. இதன் புழு நிறைந்த குப்பையில் வீட்டு ஈ முட்டையிடுவதும் குறைந்துவிடும்.

ஒரு பேடு ஈ ஏறத்தாழ 500 முட்டைகள் இடும். அழுகும் பொருளின் மேல் அல்ல, அதற்குப் பக்கத்தில் உலர்ந்த இடுக்கில் இடும். நான்கு நாளளவில் பொரிக்கும். எங்கள் வெப்பத்தில் இரண்டு கிழமையில், சில வேளை சற்றுக் கூடுதலாக, புழு முழு வளர்ச்சி அடையும். கொழுத்த புழுவைக் காயவைத்தால் அதில் ஏறத்தாழ 40 வீதம் புரதமும் 30 வீதத்தை ஒட்டிய கொழுப்பும் இருக்கும். சுண்ணாம்புச் சத்தும் உண்டு. உலக உணவு, விவசாய நிறுவனம் 2013இல் பூச்சிகளை உணவாகவும் தீனியாகவும் கொள்வது பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் கோழி, பன்றித் தீனியில் பூச்சிப் புரதம் சேர்க்க அனுமதி கொடுத்தது. வெளிநாட்டில் தொழிற்சாலையில் செய்வதை நாம் ஒரு பழைய தொட்டியில் செய்கிறோம், அவ்வளவுதான்.

தொட்டிக்கு உடைந்த பிளாஸ்ரிக் பேசின், வெட்டிய பீப்பா, பழைய மீன்பெட்டி எதுவும் ஆகும். அடியில் சில துளைகள் போட்டு, உள்ளே ஒரு படை தும்பு விரித்தால் தண்ணீர் வடியும். வெயிலும் மழையும் நேரே படாத இடத்தில், நாலு கால் கொண்ட ஒரு தட்டின்மேல் வையுங்கள். எறும்பு பெரிய எதிரி. காலுக்குக் கீழே பேணி வைத்துத் தண்ணீர் ஊற்றுவோம். ஆனால் அந்தத் தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும். எனவே அதில் கழிவு எண்ணெய் சிறிது விடுங்கள். தொட்டிக்கு மேலே பழைய மீன்வலையை இறுக்கிக் கட்டுங்கள். கோழியும் காகமும் உள்ளே வராது, ஈ வரும். ஈ வரவேண்டும் என்பதுதான் எங்கள் நோக்கம்.

ஈயை அழைப்பதற்குத் தவிட்டையும் அழுகிய பப்பாசி அல்லது வாழைப்பழத்தையும் பிசைந்து, மூன்று நாலு நாள் புளிக்க விட்டுத் தொட்டியில் போடுங்கள். அதற்குச் சற்று மேலே, நனையாதபடி, நெளிவுள்ள கடதாசி மட்டையைத் துண்டுகளாக வெட்டி அடுக்கிக் கட்டித் தொங்கவிடுங்கள். மட்டையின் ஓட்டைகளுக்குள்தான் ஈ முட்டையிடும். ஒரு கிழமையிலும் வரலாம், மூன்று கிழமையும் செல்லலாம். பக்கத்து வீட்டில் ஏற்கெனவே தொட்டி இருந்தால் அங்கிருந்து ஒரு பேணி புழு கேட்டு வாங்கிப் போடுவது சுலபம். அந்த வாசனைக்கு ஈ விரைவில் வரும்.

எது சிப்பாய்ப் புழு, எது வீட்டு ஈப் புழு என்று பிரித்தறியப் பழகுங்கள். வீட்டு ஈயின் புழு வெள்ளை, மென்மை, ஒரு பக்கம் கூர், மறுபக்கம் மொட்டை, ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டாது. சிப்பாய்ப் புழு தட்டையாய், வரிவரியாய், தோல் தடித்து, மங்கிய மஞ்சளிலிருந்து பழுப்பாகி, இரண்டு சென்ரிமீற்றருக்கும் மேல் வளரும். வீட்டு ஈப்புழு கோழிக்கு நாடாப்புழுவைக் கொண்டுவரக்கூடியது. ஆகவே அதை வளர்க்க வேண்டாம்.

நாங்கள் முதல் வைத்த தொட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். ஆர்வத்தில் சந்தையிலிருந்து ஒரு பை மீன்தலையும் குடலும் கொண்டுவந்து கொட்டினோம். இரண்டாம் நாள் ஊரெல்லாம் நாற்றம். நாலாம் நாள் முழுவதும் வீட்டு ஈயின் புழு. பக்கத்து வளவு அம்மா வேலிக்கு அப்பால் நின்று, "பாதர், செபம் சொல்லுற வாயால உங்களை ஏசப் பண்ணாதீங்க" என்றார். எல்லாவற்றையும் குழி வெட்டிப் புதைத்தோம். மீன் கழிவு சேர்க்கலாம். ஆனால் புழு நன்றாகப் பிடித்த பிறகு, ஒரு சிறங்கைக்கு மேல் வேண்டாம். அதையும் தவிட்டோடு பிசைந்து உள்ளே புதைக்க வேண்டும்.

சமையற் கழிவு, தேங்காய்ச் சக்கை, பழத்தோல், பூசணிக் கழிவு, புளித்த சோறு எல்லாம் போடலாம். நாளுக்கு நாள் புழு தின்னுமளவுக்கே போடுங்கள். முந்திய நாளினது மிஞ்சியிருந்தால் அன்றைக்குப் போடாதீர்கள். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வடியும் ஈரம் சரி. கஞ்சியாய் நின்றால் புழு வெளியே ஓடும். தவிடு, உமி, மரத்தூள் ஏதாவது போட்டுக் கிளறுங்கள். ஏறத்தாழ 10 கிலோ ஈரக் கழிவிலிருந்து ஒன்று முதல் இரண்டு கிலோ உயிர்ப்புழு கிடைக்கும். செத்த கோழி, கோழியெச்சம், மனிதக் கழிவு, மருந்தடித்த அன்றே பிடுங்கிய மரக்கறி, மின்கலம் கிடந்த குப்பை ஆகியவற்றை ஒருபோதும் போடக் கூடாது. அந்த நஞ்சும் கிருமியும் புழு வழியாகக் குஞ்சுக்கும், குஞ்சு வழியாக எங்கள் பிள்ளைகளுக்கும் வரும்.

முற்றிய புழு கறுத்து, தின்பதை நிறுத்தி, உலர்ந்த இடம் தேடி மேலே ஏறும். அதன் இந்தக் குணம் எங்களுக்குப் பெரிய உதவி. தொட்டிக்குள் ஒரு பலகையைச் சரிவாக வைத்து, மேல்நுனி விளிம்புக்கு வெளியே நீளவிட்டு, கீழே உமி போட்ட வாளி ஒன்றை வையுங்கள். இரவில் புழுக்கள் வரிசையாக ஏறித் தாமாகவே வாளிக்குள் விழும். சரிவு செங்குத்தாக இருக்கக் கூடாது. படகு இழுத்தேற்றும் கரையைவிடச் சற்றுக் கூடுதலான சரிவு போதும்.

வாளியில் விழுவதில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, சருகும் மரத்தூளும் நிறைத்த ஒரு பெட்டியில் தொட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு அவை ஈயாகி வெளிவரும். வெயில் வெளிச்சம் இருந்தால்தான் இணை சேரும். எனவே முழு இருட்டு மூலையில் பெட்டியை வைக்காதீர்கள். இந்தப் பங்கை நிறுத்தினால் இரண்டு மாதத்தில் தொட்டி வெறுமையாகும். கரப்பான்காரரிடம் படித்த பாடம் இங்கேதான் உதவுகிறது.

குஞ்சுக்குக் கொடுக்கும் முறை

புழுவை நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, கொதிநீரில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். கிருமி சாகும், புழுவும் நெளியாது. முதல் இரண்டு கிழமைக் குஞ்சுக்குக் கத்தியால் நறுக்கிப் போடுங்கள். பிறகு முழுதாகவே விழுங்கும். கறுத்து முற்றிய புழுவின் தோல் தடிப்பு, அதைப் பெரிய கோழிக்கு விடுங்கள். குஞ்சுக்கு இன்னும் கறுக்காத புழுவைக் கரண்டியால் அள்ளி எடுப்பது நல்லது.

புழு நல்லதென்று புழுவையே கொட்டக் கூடாது. அதில் கொழுப்பு அதிகம். குஞ்சுக்குக் கழிச்சல் வரும். நாளாந்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரப்புழு போக வேண்டாம் என்பது என் கருத்து. மிகுதிக்குக் குறுணல், தவிடு, பொடியாய் அரிந்த முருங்கையிலை, சிறிது தேங்காய்ப் புண்ணாக்கு. கூனி இறால் மலிவாய் அகப்படும் நாட்களில் காயவைத்து இடித்துச் சேர்த்தால் அன்றைக்குப் புழு தேவையில்லை. தண்ணீர் எப்போதும் வைக்க வேண்டும்.

முதல் ஆறு கிழமையும் குஞ்சுகளைக் கரப்புக் கூடையால் மூடி, தாயோடு முற்றத்தில் வையுங்கள். நல்ல தீனி கொடுத்துவிட்டுக் காகத்துக்கு விடுவதில் பயனில்லை. ராணிக்கெட் தடுப்பு மருந்தைப் புழு ஈடு செய்யாது. அரச கால்நடை வைத்திய நிலையத்தில் கேட்டு, அயல்வீடுகள் பத்து ஒன்றுசேர்ந்து ஒரே நாளில் குஞ்சுகளின் கண்ணில் துளி விடச் செய்யுங்கள். ஒரு குப்பி மருந்து பல நூறு குஞ்சுகளுக்குக் காணும். ஒரு வீட்டுக்காக உடைத்தால் மிகுதி வீணாகிவிடும். புழுத் தொட்டி பற்றிச் சந்தேகம் எழுந்தால் கால்நடை வைத்தியரிடமோ, வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலோ விசாரிக்கலாம்.

தொட்டியின் அடியில் மிஞ்சும் கறுத்த தூளைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று கிழமை மூடி ஆறவிட்டால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல எரு. வாவிக்கரை மணலில் தண்ணீர் நிற்காது என்று சொல்லும் வீடுகளுக்கு இது கூடுதலாக உதவும்.

இப்போது நாட்கணக்கு. கோழி 21 நாள் அடைகாக்கும். ஈ வந்து புழுப் பிடித்து வளர ஏறத்தாழ நான்கு கிழமை வேண்டும். ஆகவே தொட்டியை அடை வைப்பதற்கு ஒரு கிழமை முன்னதாகவே தொடங்கிவிடுங்கள். ஈ பிந்தினால், முதல் நாட்களைக் கறையான் பானையால் சமாளிக்கலாம். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் கறையான் வழிகளில் மாலையில் தண்ணீர் தெளித்துவிட்டே பானை வையுங்கள். வறண்ட மண்ணில் அது மேலே வராது. கார்த்திகை, மார்கழியில் அடை வைப்பதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் தொட்டியையும் கூட்டையும், 2011இல் வெள்ளம் நின்ற மட்டத்தை நினைவில் வைத்து, அதற்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள்.